இரண்டாவது பொட்டலம்

மறந்துவிடு என்று எனக்குச் சொல்லாத ஆளே இல்லை. என் அம்மா சொன்னாள், பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னாள், பிரஷர் பார்க்கிற டாக்டர்கூடச் சொல்லிவிட்டார். மறக்க முடிந்தால் மறந்திருக்க மாட்டேனா? மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறக்கிறது, அடுப்பில் பால் வைத்தது மறக்கிறது. ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த அந்த வெள்ளிக்கிழமை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. எழுதினால் மனசு ஆறும் என்கிறார்கள். நான் ஆறுவதற்காக எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் என் மாமனார் கட்டிய வீடு. மாடியில் என் கணவரின் அண்ணாவும் மன்னியும் அவர்களுடைய ஒரே பெண்ணும். கீழே நாங்கள் இரண்டு பேர். எங்களுக்குக் குழந்தை இல்லை. பூஜை அறை கீழே எங்கள் பக்கம் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த அறையைப் பார்த்து ‘என்ன லக்ஷணமா இருக்கு’ என்று அண்ணாவைப் பாராட்டுவார்கள். அண்ணாவும் தலையாட்டுவார். பெருக்கித் துடைத்து, வாடின பூவை எடுத்து, விளக்கைத் தேய்த்து வைப்பது யார் என்று அவருக்கு இருபது வருஷமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு வந்ததில்லை.

என் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். காலை ஆறு மணிக்கு வெள்ளைக் கால்சட்டையும் கழுத்தில் விசிலுமாகக் கிளம்பினால் வெயில் ஏறும்வரை மைதானம்தான். அவர் ஊதினால் நாலு தெரு கேட்கும் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அவருக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா போய்விட்டார். சைக்கிள் கற்றுக்கொடுத்தது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது, என்னை அவருக்குக் கட்டிவைத்தது எல்லாம் அண்ணாதான். அதனால் இவருக்கு அண்ணா சொன்னால் சொன்னதுதான். டி.வி. எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பது வரை மாடியிலிருந்து உத்தரவு வரும். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். இவர் டி.வி.யைத் திருப்பி வைப்பார்.

நாற்பத்தெட்டு வயதில் இவருக்கு மைதானத்தில் ஓடும்போது இடது தோள் வலிக்க ஆரம்பித்தது. சுளுக்கு என்று தைலம் தடவிக்கொண்டிருந்தார். சர்க்கரை வேறு ஏற்கெனவே இருந்தது. கார்த்திகை பிறந்த சமயம், ஒருநாள் விசில் ஊதிக்கொண்டிருந்தபோதே வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். அதை வீடியோ கேசட்டில் போட்டுக் கையில் கொடுத்தார்கள், அப்போதெல்லாம் அப்படித்தான். அந்தக் கேசட்டைக் கூடத்தில் போட்டு வீடே உட்கார்ந்து பார்த்தது. கறுப்பு வெள்ளையில் என் புருஷனின் இதயம் துடிக்கிறது, நூல் நூலாக ரத்தக் குழாய்கள் தெரிகின்றன, மூன்று இடத்தில் நூல் இளைத்துப் போயிருக்கிறது. மன்னி எல்லாருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அந்த டம்ளரைத் தொடப் பிடிக்கவில்லை.

இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். முதலில் பார்த்தவர் வயதான சர்ஜன். மூன்று குழாயிலும் அடைப்பு, அதோடு சர்க்கரையும் இருக்கிறது, இவருக்கு பைபாஸ்தான் நிலைத்து நிற்கும், நெஞ்சைத் திறக்கத்தான் வேண்டும், மூன்று மாதம் ஓய்வு வேண்டும் என்றார். இரண்டாமவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளைஞர். புதிதாக ஸ்டென்ட் என்று ஒரு கம்பி வலைக் குழல் வந்திருக்கிறது, தொடை வழியாகவே கொண்டுபோய் இரண்டு குழாயில் வைக்கலாம், மூன்றாவதை மாத்திரையில் சமாளிக்கலாம், நாலாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆனால் வைத்த இடத்திலேயே ஆறு மாதத்துக்குள் மறுபடி அடைத்துக்கொள்வதும் உண்டு, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். ஒளிக்காமல்தான் சொன்னார்.

நாங்கள் மூன்று பேரும் எதிரே உட்கார்ந்திருந்தோம். நான் பத்துக் கேள்வி கேட்டேன். அண்ணா ஒரே கேள்விதான் கேட்டார், ஸ்டென்ட் வைத்தால் எத்தனை நாளில் எழுந்து நடமாடுவான் என்று. அப்போது எனக்கு அது தம்பி மேல் இருக்கிற அக்கறையாகப் பட்டது. என் புத்தியை என்னவென்று சொல்ல!

தை மாதத்தில் அண்ணாவின் பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை, மூன்று வாரம்தான் லீவு. மண்டபம், சமையல்காரர் எல்லாம் முடிவாகிவிட்டது. ஆபரேஷன் மேஜையில் தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் தீட்டு. கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போகும், அமெரிக்க மாப்பிள்ளை அதுவரை காத்திருப்பானா? இதையெல்லாம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரவர் மனசில் ஓடியிருக்க வேண்டும். என் மனசில் ஓடவில்லை, எனக்கு அந்த மூன்று இளைத்த நூல்தான் கண்ணிலேயே நின்றது. பைபாஸ்தான் செய்ய வேண்டும் என்று நான் அடித்துச் சொன்னேன். இவர் அண்ணா முகத்தைப் பார்த்தார்.

“நாம யாரு முடிவு பண்றதுக்கு? இந்த ஆத்துல எந்தப் பெரிய காரியமும் பூ போட்டுப் பார்க்காம நடந்ததில்லை. ஸ்வாமியே சொல்லட்டும்,” என்றார் அண்ணா.

பூ போட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கம்தான். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெளியே தெரியாமல் கட்டி ஸ்வாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். என் கல்யாணமே அப்படித்தான் நிச்சயமானது. சிவப்பு வந்தால் பைபாஸ், வெள்ளை வந்தால் ஸ்டென்ட் என்று பேச்சு. நானும் சரி என்றேன். எனக்கும் நம்பிக்கை இருந்தது, பொய் சொல்வானேன். அண்ணா குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செவ்வரளியும் நந்தியாவட்டையும் எங்கள் கொல்லையிலேயே உண்டு. காலண்டர் தாளில் இரண்டு பொட்டலம் கட்டி, வாழை நாரால் சுற்றி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். இவர் விழுந்து நமஸ்காரம் செய்துவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை. அண்ணா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். மன்னி அங்கேயே அழுதுவிட்டாள். பயம் தீர்ந்த அழுகை என்று நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன்.

உத்தரவு வந்த பிறகு இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் ஸ்வாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி. அது பாட்டுக்குப் படத்தடியில் கிடக்கும், பிறகு வாடின பூவோடு சேர்ந்து தென்னை மரத்தடிக்குப் போகும். மறுநாள் காலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஸ்டென்ட் வைத்தார்கள். நாலு நாள் நான் அங்கேதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து இவரைப் படுக்க வைத்துவிட்டு, விளக்கேற்ற வேண்டுமே என்று பூஜை அறையைச் சுத்தம் செய்யப் போனேன்.

பூவை மரத்தடியில் போடலாம், காகிதத்தைப் போட முடியாது. அதனால் நாரை அவிழ்த்தேன். உள்ளே காய்ந்து பழுப்பேறின நந்தியாவட்டை. வேறு பூவோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எத்தனை காய்ந்தாலும் அரளி வேறு, நந்தியாவட்டை வேறு. தினமும் இரண்டையும் பறிக்கிற கை இது. எனக்குத் தெரியாதா? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாடியில் அண்ணா யாரோடோ போனில் சிரித்துப் பேசுவது கேட்டது.

ஏன் அன்றைக்கே மாடியேறிப் போய்ச் சட்டையைப் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கம்பி உள்ளே போய்விட்டது. இவர் தெம்பாக இருந்தார், தோள் வலி போய்விட்டது என்று கையைச் சுழற்றிக் காட்டினார். இந்த மனுஷனிடம் போய், உங்களை வளர்த்த அண்ணா உங்கள் உயிரை வைத்து ஸ்வாமி முன்னால் மோசடி செய்தார் என்று எப்படிச் சொல்வது? அடைத்துக்கொள்ளாமல் இருந்தால் இது எதற்கும் வேலை இல்லையே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் காய்ந்த பூவை மட்டும் காலண்டர் தாளோடு என் புடவைப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. இவர் மாப்பிள்ளை அழைப்புக்கு ஓடினார், பந்தியில் நின்றார், ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்று விசில் ஊதிப் பெண்கள் கூட்டத்தை ஒழுங்கு பண்ணினார், எல்லாரும் சிரித்தார்கள். சமையல்கட்டுப் பக்கம் மன்னி தன் தங்கையிடம், நல்ல வேளை ஆபரேஷன் அது இது என்று போகவில்லை, போயிருந்தால் இந்த முகூர்த்தமே நம் கையில் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் ஜாங்கிரித் தட்டோடு நின்றேன். அதுவரை எனக்கு ஏன் என்பது புரிந்தும் புரியாமலும்தான் இருந்தது. அந்த நிமிஷம் புரிந்தது. தட்டை அவள் தலையில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. கவிழ்க்கவில்லை. எனக்கு அதுவும் ஒரு குறைதான்.

ஆனி மாதம் ஒரு காலை, மைதானத்திலேயே இவருக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. ஸ்டென்ட் வைத்த இடத்தில் அடைத்துக்கொண்டுவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். அந்த வயதான சர்ஜனிடமே மறுபடி போனோம். நிறையத் தசை செத்துப் போய்விட்டது, இதயத்தின் பம்பிங் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, இந்த நிலையில் நெஞ்சைத் திறந்தால் மேஜையிலேயே போய்விடலாம், இனி மாத்திரைதான் என்றார். முன்பே செய்திருக்கலாமே அம்மா என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அண்ணா பக்கத்தில்தான் இருந்தார். “பகவான் சித்தம்,” என்றார்.

பகவான் சித்தமாம்! பகவானுக்கு அவர் விட்டுவைத்ததே இரண்டு வெள்ளைப் பூதான்.

அதற்குப் பிறகு இவர் மைதானத்துக்குப் போகவில்லை. பத்துப் படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது விசிலை வாயில் வைத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் காற்றுதான் வந்தது. என்னைப் பார்த்ததும் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டார். அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். அண்ணாவுக்கும் ஒரு நாள் வரும், அப்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். தினமும் காலையில் விளக்கேற்றி அதைத்தான் வேண்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவருக்கும் அதே நோய் வர வேண்டும் என்று பேர் சொல்லி, நட்சத்திரம் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

பிறகு அந்த வீட்டை ஃபிளாட் கட்டுகிறவர்களிடம் கொடுத்தார்கள். அண்ணா தி. நகரில் மூன்றாவது மாடிக்குப் போனார். லிஃப்ட் கிடையாது. நாங்கள் அடையாறில் தரைத்தளமாகத் தேடிப் பிடித்துப் போனோம். கொல்லையில் இருந்த நந்தியாவட்டையில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டுபோய்ப் புது வீட்டு வாசலில் நட்டேன். பிழைத்துக்கொண்டது. பூஜைக்காக என்று இவர் நினைத்தார். எனக்குக் கோபம் வாடாமல் இருக்க வேண்டுமே, அதற்காகத்தான்.

அந்த நாள் வந்தது. தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில், பாண்டி பஜாரில் கறிகாய்ப் பையோடு நடந்துகொண்டிருந்த அண்ணாவுக்கு நெஞ்சு வலி. ஆஞ்சியோகிராம். மூன்று குழாயிலும் அடைப்பு, சர்க்கரையும் உண்டு. ஒரு டாக்டர் பைபாஸ் என்கிறார், ஒருவர் ஸ்டென்ட் என்கிறார். போனை வைத்ததும் நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். இந்தத் தடவையும் பூ போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நோயாளி தானே பூக் கட்டக் கூடாது, மன்னிக்குக் கை உதறுகிறது, பெண் பிரசவத்துக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறாள், அவளும் கட்டக் கூடாது. “நீதான் வந்து பூ கட்டிக் குடுக்கணும்மா. உன் கை ராசியான கை,” என்று சாயங்காலம் அண்ணாவே போனில் சொன்னார்.

மறுநாள் காலையில் வாசலில் இருந்து நந்தியாவட்டை மட்டும் ஒரு கை நிறையப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டேன். சிவப்பு எதுவும் எடுக்கவில்லை. அவர் எனக்குச் செய்ததையே அவருக்குச் செய்வது என்று தீர்மானமாக இருந்தேன். இரண்டிலும் வெள்ளை. ஆறு மாதம் போகட்டும், பிறகு பார்க்கலாம். கூட வர வேண்டாம் என்றாலும் இவர் கேட்கவில்லை. அண்ணாவுக்கு இப்படி இருக்கும்போது வீட்டில் எப்படி உட்காருவது என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டார். பனகல் பார்க் முனையில் பூக்காரியைப் பார்த்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்.

“சிவப்பு எங்கே? ரெண்டு கலரும் வேணுமே. மறந்துட்டியோ?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரே இறங்கி, ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி நின்று செவ்வரளி வாங்கிக்கொண்டு வந்தார். மூச்சு இரைத்தது. என் மடியில் வைத்தார்.

மூன்று மாடி அவரால் ஏற முடியாது. கீழே வாட்ச்மேன் தன் நாற்காலியைத் தட்டிப் போட்டு, “நீ இங்க குந்து நைனா, அம்மா போய்க்கினு வரட்டும்,” என்றான். இவர் உட்கார்ந்தார். நான் ஏறினேன்.

மேலே அண்ணா, மன்னி, நிறைமாதமாக அந்தப் பெண். எனக்குப் பூஜை அலமாரியைக் காட்டிவிட்டு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். காலண்டர் தாள் தயாராக இருந்தது, வாழை நார்கூட நனைத்து வைத்திருந்தார்கள். வெள்ளையை எடுத்து ஒரு தாளில் வைத்து மடித்தேன். இரண்டாவது தாளிலும் வெள்ளையை வைத்தேன். நாரைச் சுற்றப் போனபோது கண் அரளி மேல் போயிற்று. இவர் மூச்சு வாங்க வாங்கிக் கொடுத்த பூ. அதை ஒளித்துவைத்துவிட்டு இதைக் கட்டினால் எனக்கும் அண்ணாவுக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் நான் நல்லவளாக யோசிக்கவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. அண்ணாவை ஸ்வாமி பின்னால் ஒளிய விடக் கூடாது. அன்றைக்கு ஒளிந்தது போதும்.

இரண்டு பொட்டலத்தையும் பிரித்துவிட்டு, ஒரு தட்டில் ஒரு பக்கம் செவ்வரளி, ஒரு பக்கம் நந்தியாவட்டை என்று திறந்தே வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். கட்டாமல் கொண்டுவந்துவிட்டாயே என்றாள் மன்னி.

“அன்னிக்கு நீங்க கட்டின ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் இருந்தது அண்ணா. ரெண்டாவதை நான் பிரிச்சுப் பார்த்தேன். இன்னும் எங்கிட்ட இருக்கு,” என்றேன். “சிவப்புன்னா பைபாஸ், வெள்ளைன்னா ஸ்டென்ட். உங்களுக்கு எது வேணுமோ நீங்களே எடுத்துக்கோங்கோ.”

மன்னி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ஆச்சரியப்பட்ட முகமாக எனக்கு அது தெரியவில்லை. அந்தப் பெண் மட்டும் அப்பாவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சித்தி சொல்வது நிஜமா என்று கேட்டாள். இரண்டாம் தரம் கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டை இன்னும் கிட்டே நீட்டினேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது, எதை எடுப்பார் என்று. கையை நீட்டினார். செவ்வரளியை எடுத்துக்கொண்டார்.

அப்படியென்றால் எது சரி என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அது விளங்கிவிட்டது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“நன்னா இருங்கோ. நூறு வயசு இருங்கோ,” என்றேன். “அவர் தினமும் நாலு தரம் அண்ணா அண்ணான்னு சொல்லிண்டு இருக்கார். அதைக் கேட்டுண்டே இருங்கோ.”

தட்டை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினேன். மூன்று மாடியும் ஒரே மூச்சில் இறங்கினேன். இவரிடமும் சொல்லிவிடுவது என்றுதான் இறங்கினேன், எத்தனை வருஷம்தான் நான் ஒருத்தியே சுமப்பது? இவர் நாற்காலியில் சாய்ந்தபடி மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன வந்தது?”

“சிவப்பு.”

கண்ணை மூடிக் கைகூப்பினார். “அப்பாடா. அண்ணாவுக்கு ஸ்வாமி சரியானதைக் காட்டிட்டார். எனக்கு வெள்ளையைக் குடுத்தாரே, அதுக்கும் ஏதாவது காரணம் வச்சிருப்பார் பாரு,” என்றார்.

நான் அவர் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டேன். ஆட்டோ கூப்பிட வாசலுக்குப் போனேன்.